நாற்பது பேர், இரண்டு மணி நேரம், ஒரு ஆவணப்படம்: வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். இப்போது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2024இல் காசா போரை எதிர்த்து எங்கள் வளாகத்திலும் கூடாரப் போராட்டம் நடந்தது. அதன் பிறகு யூத, இஸ்ரேலிய மாணவர்களும் பாலஸ்தீன, அரபு மாணவர்களும் ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. 'நீங்கள் இரண்டு பக்கமும் இல்லாதவர், நீங்களே ஒரு உரையாடல் நடத்துங்கள்' என்று டீன் அலுவலகம் என் தலையில் கட்டிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 2 மணி நேரம், 40 பேர், பீட்சா, ஒரு ஆவணப்படம், பிறகு கலந்துரையாடல் என்பது திட்டம். பல்கலைக்கழகப் புகைப்படக்காரரும் வருவார். எங்கள் நாட்டுப் போரின் கதையைச் சொல்லித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். 'இனப்படுகொலை', 'பயங்கரவாதி' மாதிரிச் சொற்கள் விழுந்தால் என்ன செய்வது? யாராவது எழுந்து போய்விட்டால்?
— பெயர் வேண்டாம்

பதில்: வெள்ளிக்கிழமையிலிருந்தே தொடங்குவோம். அன்று சூரியன் மறைந்ததும் யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் பிறந்துவிடும்; அதைக் கடைப்பிடிக்கும் யூத மாணவர் வர முடியாது. அன்று மதியத்துக்கு மாற்றினால் ஜும்ஆ தொழுகை. நாளைக் குறித்தவர்கள் வரப்போகிறவர்கள் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. மாணவர்களுக்கும் அது தெரிந்துவிடும். பீட்சாவும் அப்படித்தான்: சைவமாக வாங்கினாலே கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டது, ஆகிவிடாது. கோஷர் முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலங்கள், ஹலால் என்று எழுதி ஒட்டிய தனித் தட்டு, முழுப் பழங்கள் இருந்தால் போதும். ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுதை வாங்கும் முன் டப்பாவில் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். இஸ்ரேலியத் தொடர்புள்ள நிறுவனம் என்று அமெரிக்க வளாகங்களில் ஹம்மஸ் டப்பாவை வைத்தே புறக்கணிப்பு வாக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன.

அடுத்து, புகைப்படக்காரர். 2023 இலையுதிர் காலத்தில் ஹார்வர்டு, கொலம்பியா வளாகங்களைச் சுற்றி, பாலஸ்தீன ஆதரவு மாணவர்களின் முகத்தையும் பெயரையும் திரையில் காட்டியபடி லாரிகள் ஓடின. கொலம்பியா போராட்டங்களில் முன்னின்ற, கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு பாலஸ்தீனரையே 2025 மார்ச்சில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்தார்கள். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளை உங்கள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது கேமராவைத்தான். இஸ்ரேலிய மாணவருக்கும் பயம் உண்டு. 'இன்னாரோடு ஒரே வட்டத்தில் உட்கார்ந்தான்' என்று ஒரு படம் வெளியே போனால் ஆய்வகத்தில் பேச்சு நின்றுவிடலாம், ஊரில் உறவினர் சண்டைக்கு வரலாம். ஆகவே படம், ஒலிப்பதிவு, கையெழுத்துப் பட்டியல், பெயர் அட்டை எதுவும் கூடாது.

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். நீங்கள் பல்கலைக்கழக ஊழியர். இனம், வம்சாவளி, பிறந்த நாடு சார்ந்த துன்புறுத்தல் உங்கள் காதில் விழுந்தால் மேலே சொல்லியாக வேண்டிய கடமை உங்கள் பதவிக்கு இருக்கலாம். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் (Civil Rights Act) ஆறாம் தலைப்பு உங்கள் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எந்த மாதிரிப் பேச்சைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்கி, முதல் நாளே வட்டத்தில் படித்துக் காட்டுங்கள். பொதுப் பல்கலைக்கழகம் என்றால் உங்கள் மின்னஞ்சலையும் குறிப்பையும் வெளியார் சட்டப்படி கேட்டுப் பெறலாம். பெயர் போட்டு எதையும் எழுதி வைக்காதீர்கள்.

இனி உங்களைப் பற்றி. 'இரண்டு பக்கமும் இல்லாதவர்' என்பது டீன் அலுவலகத்தின் வசதிக்கு உதவும் வரி. கிபிர் போர் விமானத்தின் சத்தம் தெரிந்த ஊரிலிருந்து வந்தவர் நீங்கள். அந்த விமானம் இஸ்ரேலில் செய்யப்பட்டது. ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்து இளைஞர்கள் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்ற கதையையும் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். மேல்மட்டத்தில் இல்லாவிட்டாலும் உங்களுக்குள் ஒரு சாய்வு இருக்கும். அது குற்றமில்லை. இல்லை என்று நடிப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் யாரை முதலில் பேச விடுகிறீர்கள், யார் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள் என்பதில் அது வெளிப்பட்டுவிடும்.

உங்கள் ஊர்க் கதையைச் சொல்லித் தொடங்காதீர்கள். சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும்: பாலஸ்தீன மாணவர்கள் உங்களைத் தங்கள் ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது இஸ்ரேலிய மாணவர் ஒருவர் தற்கொலைக் குண்டுகளைப் பற்றிக் கேட்பார். 10 நிமிடத்தில் பேச்சு வன்னிக்குப் போய்விடும். கூடவே, 'நான் பட்டதை நீங்கள் படவில்லை' என்ற போட்டியையும் நெறியாளரே தொடங்கிவைத்ததாக ஆகும். அந்த அனுபவத்துக்கு வேறு பயன் இருக்கிறது. 1983 என்ற எண்ணைக் கேட்டதும் உங்களுக்குள் என்ன அசைகிறதோ, அதுபோல, இஸ்ரேல் பிறந்த, பாலஸ்தீனர்கள் ஊரை இழந்த 1948 என்ற எண்ணைக் கேட்டதும் அந்த வட்டத்தில் இரண்டு விதமாக அசையும். அதை அறிந்து வாயை மூடிக்கொண்டிருக்க அது உதவும்.

நீங்கள் தனியாகவும் நடத்தக் கூடாது. எருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையே லத்ரூன் குன்றில், யூதர்களும் இஸ்ரேல் குடியுரிமையுள்ள பாலஸ்தீனர்களும் சேர்ந்து வாழும் ஒரு கிராமம் இருக்கிறது. அரபியில் வாஹத் அல்-ஸலாம், ஹீப்ருவில் நெவே ஷாலோம். இரண்டுக்கும் அமைதியின் சோலை என்று பொருள். அங்கே 1979இல் தொடங்கிய அமைதிப் பள்ளி ஒரு யூதரையும் ஒரு பாலஸ்தீனரையும் சேர்த்தே குழுவுக்கு நெறியாளராக அமர்த்துகிறது. தன் ஆள் ஒருவர் நெறியாளர் நாற்காலியில் இருந்தால்தான் மாணவர் தன் தரப்புக்கே சங்கடமான ஒன்றைச் சொல்லத் துணிவார். உங்கள் வளாகத்திலோ பக்கத்து ஊரிலோ பயிற்சி பெற்ற இருவரைத் தேடுங்கள். ஆசிரியராக இருந்தால் வட்டத்தில் உள்ள யாருக்கும் மதிப்பெண் போடுபவராக இருக்கக் கூடாது. இருவருக்கும் சமமான ஊதியம் கொடுக்க வேண்டும்; ஒருவருக்குக் காசும் மற்றவருக்கு நன்றிக் கடிதமும் என்று ஆகிவிடக் கூடாது. ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் 45 நிமிடம் நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த 45 நிமிடத்துக்கு நேரம் இல்லை என்றால் திட்டத்தையே கைவிடலாம். உங்கள் வேலை அறை, நேரம், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டு ஆகியவை. அது சின்ன வேலை இல்லை.

ஆள் எண்ணிக்கை 12. மிஞ்சினால் 14. அமர்வு 8, வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் 2 மணி நேரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1988இல் தொடங்கிய குழுவிடை உரையாடல் முறையும் இப்படித்தான், சிறு குழுவாகப் பல வாரம் நடக்கிறது: முதலில் அறிமுகம், பிறகு வேறுபாடு, பிறகு சூடான விஷயம், கடைசியில் அடுத்து என்ன என்ற கேள்வி. ஒரே மாலையில் நடத்தினால் நேரே மூன்றாவதில் போய் விழுவீர்கள்.

அந்த 12 பேரை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 'யூதர் 6, முஸ்லிம் 6' என்று எண்ணினால் தொடக்கமே பிழை. பாலஸ்தீனர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. ஹைஃபாவிலிருந்து வரும் பாலஸ்தீனருக்கு இஸ்ரேல் கடவுச்சீட்டு இருக்கும், ஹீப்ரு சரளமாக வரும். ஹெப்ரோனிலிருந்து வந்தவர் எருசலேமுக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு வாங்கியிருப்பார். சிகாகோவில் பிறந்தவர் அந்த மண்ணை மிதித்தே இருக்க மாட்டார். யூதப் பக்கமும் ஒரே நிறம் இல்லை. நியூ ஜெர்சி யூத மாணவி இஸ்ரேலியர் அல்ல, ஒருவேளை கூடாரத்தில் உட்கார்ந்தவராகவே இருக்கலாம். இஸ்ரேலிய மாணவரின் பாட்டி போலந்துக்காரியாக இருக்கலாம், பாக்தாதிலிருந்து வந்து வீட்டில் அரபி பேசியவராகவும் இருக்கலாம். ஒவ்வொரு தரப்பிலும் குறைந்தது 4 பேராவது இருக்கட்டும். காசாவிலிருந்து ஒரே ஒரு மாணவர் என்றால், ஒவ்வொரு வாரமும் அவர் காசாவாகவே உட்கார வேண்டியிருக்கும்.

ஒவ்வொருவரையும் முன்கூட்டித் தனியாக 40 நிமிடம் சந்தியுங்கள். 'உங்களிடமிருந்து எதை அவர்கள் கேட்டே ஆக வேண்டும்?', 'எதைக் கேட்டால் உங்களால் அங்கே உட்கார முடியாது?', 'வீட்டில் யாராவது இப்போது காசாவில் இருக்கிறார்களா? ரிசர்வ் படையில்?' இந்த மூன்றும் போதும். இஸ்ரேலிய மாணவரிடம் மட்டும் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். அவர்களில் பலர் ராணுவச் சேவை முடித்து 22, 23 வயதில்தான் முதலாம் ஆண்டில் சேர்கிறார்கள். எதிரே இருக்கும் 18 வயதுப் பெண் இரண்டாம் அமர்வுக்குள் 'நீ எங்கே சேவை செய்தாய்?' என்று கேட்கப் போகிறாள். இவர் ஹெப்ரோன் சோதனைச் சாவடியில் நின்றவராக இருக்கலாம். அவளுடைய சித்தப்பா அந்தச் சாவடியில் வரிசையில் நின்றவராக இருக்கலாம். கேள்வி வரும் என்று தெரிந்து, பதிலை யோசித்து வந்தவருக்கும் திடீரென்று மாட்டிக்கொண்டவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாமவர் பொய் சொல்வார், அல்லது கத்துவார்.

இருவருக்கிடையே ஏற்கெனவே புகார் நிலுவையில் இருந்தால் இருவரையும் ஒரே வட்டத்தில் சேர்க்காதீர்கள். அது விசாரணை அலுவலகத்தின் வேலை.

பாலஸ்தீன மாணவர்கள் 'வர மாட்டோம்' என்று சொல்ல நிறைய வாய்ப்புண்டு. அதை முரட்டுப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரபியில் 'தத்பீ' என்பார்கள், இயல்பாக்குதல் என்று பொருள்: ஆக்கிரமிப்பு அப்படியே இருக்க, இரண்டு சமமான தரப்புகள் உட்கார்ந்து பேசுவதுபோல் காட்டுவதே அதற்குத் துணைபோவது என்ற வாதம். இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் இயக்கம் இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. இந்த வாதத்துக்கு ஆய்வுத் துணையும் ஓரளவு இருக்கிறது. 2009இல் வெளியான ஒரு சமூக உளவியல் ஆய்வு, இஸ்ரேலில் வாழும் அரபு மக்களிடமும் நடத்தப்பட்டது. யூதர்களோடு இனிமையான பழக்கம் அதிகமுள்ளவர்கள் யூதர்களை நியாயமானவர்கள் என்று கருதினார்கள், சமூக மாற்றத்துக்கான அவர்களின் ஆதரவோ குறைந்திருந்தது. அதாவது, பொதுவானதை மட்டும் பேசிச் சிரித்துவிட்டு எழுந்தால் வலுவுள்ளவருக்கு நிம்மதி, மற்றவருக்குக் கையில் ஒன்றும் இல்லை. அதனால் அழைப்புக் கடிதத்திலேயே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: அதிகார ஏற்றத்தாழ்வும் இங்கே பேசுபொருள்; இந்த உரையாடல் உங்கள் கோரிக்கைகளுக்கு மாற்று அல்ல; விளம்பரத்துக்கும் அல்ல. பிறகும் வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். டார்ட்மவுத் கல்லூரியில் 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் சில நாள்களிலேயே யூதவியல் துறையிலிருந்து சூசன்னா ஹெஷலும் மத்திய கிழக்கு ஆய்வுத் துறையிலிருந்து தாரிக் எல்-அரிஸும் சேர்ந்து பொது அரங்கம் நடத்தினார்கள். மாணவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆசிரியர்கள் பேசினால் போதும். உங்கள் வளாகம் இருக்கும் நிலைக்கு முதல் அரையாண்டுக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம்.

சரி, 12 பேர் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசை இல்லாமல் நாற்காலி வட்டம், வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடிச் சுவர் இல்லாத அறை, பக்கத்தில் ஒரு சிறு அறை. சுவரில் வரைபடம் மாட்டாதீர்கள். எல்லைக்கோடு எங்கே, எந்த ஊருக்கு எந்தப் பெயர் என்று எந்த வரைபடமும் ஏதாவது ஒரு பக்கம் எடுத்துவிடும். ஆவணப்படமும் இதே காரணத்துக்காக வேண்டாம். படம் முடிந்ததும் எல்லோரும் இயக்குநரோடுதான் சண்டை போடுவார்கள்.

முதல் அமர்வு விதிகளுக்குப் போகட்டும். இரண்டாவதற்கு ஒரே கேள்வி: '1948இல் உங்கள் வீட்டார் எந்த ஊரில் இருந்தார்கள்?' ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கினால் கொள்கைக்கு முன்னால் மனிதர் வந்து நிற்பார். ஒருத்தி லித்தா என்பாள்; அந்த ஆண்டு ஜூலையில் ஊரே வெளியேற்றப்பட்டதையும், வீட்டுச் சாவி இன்னும் அம்மானில் இருப்பதையும் சொல்வாள். இன்னொருவன் பாக்தாத் என்பான். 1941இல் அங்கே யூதர்கள்மீது நடந்த ஃபர்ஹூத் கலவரத்தையும், 1950–51இல் ஏறக்குறைய 1,20,000 யூதர்கள் ஈராக்கைவிட்டுப் போனதையும் சொல்வான். அந்த இடத்தில் 'அப்படியென்றால் இரண்டும் சரிக்குச் சரி' என்று யாராவது முடிச்சுப் போடப் பார்ப்பார்கள். நெறியாளர் அதைத் தடுக்க வேண்டும். ஒன்றைச் சொல்வது மற்றொன்றைக் கழிப்பதற்கு அல்ல.

மூன்றாம் அமர்வுக்குத் தாள் தயாரியுங்கள். இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பாலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் இரு தரப்பு ஆசிரியர்களைக் கூட்டி ஒரு பாடநூல் செய்தார்கள். ஒரு பக்கம் இஸ்ரேலிய வரலாறு, மறுபக்கம் பாலஸ்தீன வரலாறு, நடுவில் மாணவர் எழுத வெற்று இடம். 1917 பால்ஃபோர் அறிவிப்பு, 1948 போர், 1987இல் தொடங்கிய இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி ஆகியவற்றில்தான் தொடங்கினார்கள். இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் அதைப் பாடநூலாக ஏற்கவில்லை, அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. நீங்கள் ஒரு நிகழ்வை மட்டும் எடுத்து, ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, தரப்புக்கு 250 சொல், நடுவில் வெற்றிடம் என்று அச்சடியுங்கள். ஒவ்வொரு தரப்பு வரலாற்றையும் அந்தத் தரப்பு நெறியாளர்தான் எழுத வேண்டும்.

நான்காம் வாரம் இரு தரப்பும் தனித்தனியே கூடட்டும். லத்ரூன் பள்ளியின் முறையிலும் இது உண்டு. 'பிரித்துவிட்டார்கள்' என்று டீன் அலுவலகம் முகம் சுளிக்கும். ஆனால் தரப்புக்குள் இருக்கும் சண்டை அங்கேதான் வெளியே வரும். அது வராவிட்டால் பெரிய வட்டத்தில் எல்லோரும் ஒற்றைக் குரலில் அறிக்கை வாசிப்பார்கள்.

ஐந்தும் ஆறும் அக்டோபர் 7க்கும் காசாவுக்கும். அன்று ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். காசாவில் இறந்தவர்கள் அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 2025 ஜூலையிலேயே 60,000ஐத் தாண்டிவிட்டார்கள். எண்களை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜோடியாக உட்கார வையுங்கள்: ஒருவர் 3 நிமிடம் பேசுவார், கேட்டவர் 1 நிமிடத்தில் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார், பேசியவர் 'ஆமாம்' அல்லது 'இல்லை, இதை விட்டுவிட்டாய்' என்று திருத்துவார். 'ஆனால்' என்ற சொல் வந்தால் நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லுங்கள். யார் முதலில் பேசுவது என்பதும் முக்கியம். எமில் புரூனோவும் ரெபெக்கா சாக்ஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பாலஸ்தீனர்களின் மனப்போக்கு மாறியது தாங்கள் பேசி, அது கேட்கப்பட்டபோது. இஸ்ரேலியர்களின் மனப்போக்கு மாறியது மற்றவர் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னபோது. ஆளுக்குப் பாதி நேரம் என்று கடிகாரத்தை வைத்துப் பிரித்துக் கொடுத்துவிட்டால் நியாயம் செய்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலத்தில் 3 நிமிடம் பேசுவதும் பாஸ்டனில் வளர்ந்தவர் 3 நிமிடம் பேசுவதும்கூட ஒன்றல்ல.

நீங்கள் கேட்ட சொற்களுக்கு வருகிறேன். 'இனப்படுகொலை' என்ற சொல்லைத் தடை செய்யாதீர்கள், வரையறையும் கேட்காதீர்கள். 2023 டிசம்பரில் இஸ்ரேல்மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கக்கூடியது. உங்கள் 12 பேர் அதை ஒரு புதன்கிழமை தீர்க்கப் போவதில்லை. சொன்னவரிடம் 'இந்தச் சொல் இல்லாமல் பேசினால் எது விடுபட்டுப் போகும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். முகம் சிவந்தவரிடம் 'இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நடந்தது?' என்று கேளுங்கள். தாத்தாவை ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் இழந்தவருக்கு அந்தச் சொல் வேறு எங்கோ இடிக்கும். 'பயங்கரவாதி', 'சயனிஸ்ட்', 'நதியிலிருந்து கடல் வரை' என்ற முழக்கம், எல்லாவற்றுக்கும் இதே இரண்டு கேள்விகள்தான். நெறியாளர் தன் பேச்சில் ஆண்டையும் இடத்தையும் மட்டும் பயன்படுத்தட்டும்: இஸ்ரேலியர் சொல்வதுபோல் சுதந்திரப் போர் என்றும் சொல்லாமல், பாலஸ்தீனர் சொல்வதுபோல் நக்பா (பேரழிவு) என்றும் சொல்லாமல், '1948' என்று.

போனை எடுத்து ஆதாரம் காட்டத் தொடங்கினால், அந்தத் தகவலைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதி, 'அடுத்த வாரத்துக்குள் பார்க்கலாம்' என்று நிறுத்துங்கள். பெரும்பாலும் அடுத்த வாரம் யாரும் அதைக் கேட்பதில்லை. எழுந்து போகிறவரை வாசலில் மறிக்காதீர்கள். ஒரு நெறியாளர் பின்னால் போக வேண்டும், மற்றவர் வட்டத்தை விட்டு அசையக் கூடாது, பக்கத்து அறை அதற்குத்தான். 10 நிமிடத்தில் திரும்பினால் 'என்ன ஆயிற்று' என்று எல்லோர் முன்னும் விசாரிக்க வேண்டாம், நாற்காலி காலியாக இருக்கட்டும், வந்து உட்காரட்டும். மூன்றாம் வாரம்தான் ஆள் குறையும் வாரம். அதற்கு முந்தைய நாள் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அமர்வுகளுக்கு நடுவில் அங்கே ஏதாவது பெரிதாக வெடிக்கும். 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப் செய்தி: வீட்டில் எல்லோரும் நலமா, இந்த வாரம் கூடலாமா. குழுவில் பொதுவாகப் போட்டால் யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் கேட்காமல் ரத்து செய்யாதீர்கள். வேண்டுமானால் முதல் அரை மணி தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் கூடட்டும். அட்டவணை போடும்போதே யூதப் பெருநாள்கள், ரமலான் மாலைகள், அக்டோபர் 7, நக்பா நாளான மே 15 எல்லாம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் அமர்வு இந்த வளாகத்தைப் பற்றி: உணவுக்கூடம், வகுப்பறை, சுவரொட்டி கிழிப்பு. எட்டாவதில் கூட்டறிக்கை கேட்காதீர்கள். 12 பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டால் அது எவருக்கும் உடன்பாடில்லாத வாசகமாகத்தான் இருக்கும். இருவர் மட்டும் சேர்ந்து ஏதாவது செய்ய விரும்பினால் செய்யட்டும்.

நாளைக்கே டீன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 8 வாரம், 12 பேர், ஊதியத்தோடு 2 நெறியாளர்கள், பெயர் இல்லாத அறிக்கை ஒரு பக்கம், விளம்பரம் இல்லை. இதற்கு எழுத்தில் சம்மதம் வராமல் ஒரு மாணவரையும் அழைக்காதீர்கள். புகைப்படக்காரருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள், அந்த வெள்ளிக்கிழமை அவர் வேறு நிகழ்ச்சிக்குப் போகட்டும்.